அலை தணிந்த கரை

இந்துமாக்கடலின் தென்பகுதியில் ஓயாது வீசும் மேலைக்காற்று பேரலைகளை எழுப்புகின்றது. அவை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து, சுமத்திராவின் மேற்கேயுள்ள நியாஸ் தீவில் மோதும். அலைச்சறுக்கு வீரர் அங்குத் திரள்வது இதனாலேயே. ஆயின், சித்தியவான் கரைக்கு அவ்வலைகள் எட்டுவதில்லை. ஏறத்தாழ 1,700 கிலோமீட்டர் நீண்ட சுமத்திரா இடையே மதிலென நிற்கின்றது.

அம்மதிலின் உட்புறமே மலாக்கா நீரிணை. தென்மேற்குப் பருவக்காற்றில் வங்கக்கடலைக் கடந்துவந்த தமிழ் வணிகர், வடகிழக்குக் காற்று எழுந்து ஊர் திரும்பும் வரை இந்நீரிணைத் துறைகளில் தங்கினர். கடாரம் செழித்தது இவ்வாறே. 1025இல் முதலாம் இராசேந்திரனின் கடற்படை கடாரத்தைத் தாக்கியது. சித்தியவானை அடுத்த பங்கோர்த் தீவில் 1670இல் ஒல்லாந்தர் கோட்டை அமைத்தது ஈய வாணிகம் கருதியே. பேராக்கில் ஆங்கிலேயர் ஆட்சிக்கு வழிதிறந்த 1874ஆம் ஆண்டு உடன்படிக்கையும் அத்தீவின் பெயரையே தாங்கியது.

எனினும், அம்மதில் முழுக்காப்பு அன்று. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை சுமத்திராவின் வடமுனையை வளைந்து வந்து பினாங்கிலும் கெடாவிலும் உயிர்களைப் பறித்தது.

ஆதலின், கடாரப் படையெடுப்பைக் கற்பிக்கும் ஆசிரியர் மன்னன் வீரத்தோடு நில்லாது, நிலப்படத்தையும் விரித்துக் காட்டுதல் வேண்டும். காற்றின் போக்கும் கரையின் அமைப்பும் அறியாதார்க்கு அவ்வரலாறு பாதியே விளங்கும்.