சான்றுக் குறிப்பின் வடிவம்: ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வு நூலொன்றில் ஆசிரியர் கூறும் செய்திக்கு ஆதாரம் யாது என்பதை வாசகருக்கு உணர்த்தும் சிறு குறிப்பே சான்றுக் குறிப்பாகும். அதன் அவசியம் பற்றி எழுதினோர் பலர். அதன் வடிவம் பற்றி எண்ணியோர் சிலரே. குறிப்பு பக்கத்தின் அடியில் நிற்றல் வேண்டுமா, நூலின் இறுதியில் நிற்றல் வேண்டுமா, ஆண்டு ஆசிரியர் பெயரை அடுத்து வருதல் தகுமா, பதிப்பகத்தின் பெயருக்குப் பின் வருதல் தகுமா என்பன அச்சுக்கூடத்துக்கே உரிய அற்பக் கவலைகள் போலத் தோன்றலாம். எனினும், இவ்வடிவங்களின் வரலாற்றை நோக்குமிடத்து, அவை ஒவ்வொன்றும் ஒரு சாராரின் தேவைக்கென எழுந்து, அத்தேவை இல்லாத பிறர் மீதும் சுமத்தப்பட்டவை என்பது புலனாகும்.

அச்சிட்ட பக்கத்தையே சான்றுகளின் களமாக மாற்றியவர்களுள் பியேர் பெய்ல் முதன்மையானவர். பிரான்சிற் பிறந்து, புரட்டஸ்தாந்த சமயத்தவராகையால் ஒல்லாந்திற் புகலடைந்த அவரது 'வரலாற்று விமரிசன அகராதி' 1697இல் ரொட்டர்டாம் நகரில் வெளிவந்தது. பெரிய அளவுத் தாளின் மேற்பகுதியிற் கட்டுரை. அதன் கீழே சிறிய எழுத்தில் இரு பத்திகளாக அக்கட்டுரை பற்றிய குறிப்புரைகள். ஓரத்திலே அவற்றுக்குரிய சான்றுகள். சில பக்கங்களிற் கட்டுரை இரண்டொரு வரியாகச் சுருங்கிவிடக் குறிப்புரையே பக்கம் முழுவதையும் ஆட்கொண்டுவிடும். பழைய உரைகளைப் பயின்ற தமிழ் வாசகருக்கு இத்தகைய பக்கம் அந்நியமாகத் தோன்றாது. அச்சுக்கோப்பாளரின் நிலையோ வேறு. மூன்று அடுக்கும் ஒரே பக்கத்தில் ஒன்றோடொன்று பொருந்தி நிற்றல் வேண்டும். இடையில் ஒரு வரி கூடினும் பின்வரும் பக்கங்களின் அமைப்புக் குலையும்.

இதற்கு எண்பது ஆண்டுகளுக்குப் பின்னர் இலண்டனில் எழுந்த ஒரு முறையீடு சற்று விரிவாக நோக்கத்தக்கது. எட்வேர்ட் கிபனின் உரோமப் பேரரசின் தளர்ச்சியும் வீழ்ச்சியும் பற்றிய வரலாற்றின் முதலாந் தொகுதி 1776 பெப்ரவரியில் வெளிவந்தபோது, குறிப்புகள் யாவும் தொகுதியின் இறுதியிலேயே வைக்கப்பட்டிருந்தன. அப்போது நோயுற்றிருந்த தத்துவஞானி டேவிட் ஹியூம் அந்நூலைப் பெருவிருப்போடு படித்தார். படித்தவர், கிபனுக்கும் தமக்கும் பொதுவான அச்சகத்தாராகிய வில்லியம் ஸ்ட்ரானுக்கு அவ்வாண்டு ஏப்ரலில் எழுதிய கடிதத்திலே இக்குறிப்புகளின் இருப்பிடம் பற்றிக் குறைகூறினார். குறிப்பெண்ணைக் கண்டு நூலின் இறுதிக்குச் சென்றால் அங்கே பெரும்பாலும் ஒரு நூற்பெயரன்றி வேறெதுவும் இல்லை என்பதே அவர் குறை. வெறும் சான்றுகளை ஓரத்திலோ பக்கத்தின் அடியிலோ அச்சிடலாம் என்பது அவரது ஆலோசனை. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் அவர் காலமானார். 1777இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பிற் குறிப்புகள் பக்கத்தின் அடிக்கு வந்து சேர்ந்தன.

இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. நூற்பெயரை மட்டும் சுட்டும் குறிப்பு வேறு, ஆசிரியர் தம் கருத்தையோ எள்ளலையோ வைத்துப் பேசும் குறிப்பு வேறு என்பதை ஹியூம் உணர்ந்திருந்தார். முன்னையதையே அவர் அடிக்கு இறக்கச் சொன்னார். புதிய பதிப்போ இரண்டையும் ஒருசேர இறக்கிவிட்டது. கிபனும் மனநிறைவு அடையவில்லை. பொதுமக்களின் வற்புறுத்தலுக்கு இணங்கிக் குறிப்புகளை இடம்மாற்றியமைக்குத் தாம் பலமுறை வருந்தியதாகத் தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியுள்ளார். பாசல் நகரிற் பதினான்கு தொகுதிகளாக வெளிவந்த பதிப்பில் இறுதி இரு தொகுதிகளுக்குக் குறிப்புகள் யாவும் ஒதுக்கப்பட்டிருந்தமையை அவர் விரும்பிக் கூறுகின்றார். அடிக்குறிப்பின் பேராசான் எனப் பிற்காலத்தவர் போற்றும் ஒருவர் தம் குறிப்புகளை அடியில் வைக்க விரும்பவில்லை என்பது விந்தையே.

அடிக்குறிப்பு வரலாற்றறிஞருக்கு உகந்ததாயினும் இயற்கை விஞ்ஞானியருக்கு அது பெருஞ் சுமையாயிற்று. ஹாவார்ட் பல்கலைக்கழக விலங்கியலாளரான எட்வேர்ட் லோறன்ஸ் மார்க் 1881இல் ஓடில்லா நத்தையினம் ஒன்றின் கருவளர்ச்சி பற்றி வெளியிட்ட நீண்ட கட்டுரையில், ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் அடைப்புக்குறிக்குள் வைத்து வாக்கியத்தின் நடுவிலேயே நிறுத்தினார். ஹாவார்ட் முறை எனப் பின்னர் பெயர்பெற்ற வழக்கிற்கு இதுவே தோற்றுவாய் எனக் கருதப்படுகின்றது. யார், எந்த ஆண்டிற் கண்டறிந்தார் என்பதே முதன்மைபெறும் துறைக்கு இது நன்கு பொருந்தியது. இடையிற் புதிய சான்றொன்றைச் சேர்க்கும்போது எண்களை மாற்றி மீண்டும் எழுத்துக் கோக்கும் வேலையும் இல்லாதொழிந்தது. ஆனால் ஆசிரியரும் ஆண்டும் அறியப்படாத கல்வெட்டையோ ஓலையையோ சான்று காட்டுபவர் அந்த அடைப்புக்குறிக்குள் எதனை வைப்பது?

இதன் பின்னர் வடிவத்தை முடிவுசெய்யும் அதிகாரம் பதிப்பகங்களிடமும் அறிஞர் கழகங்களிடமும் சென்றது. ஒக்ஸ்போர்ட் அச்சகத்தில் ஹோறஸ் ஹார்ட் தம் அச்சுக்கோப்பாளருக்கென 1893இல் தொகுத்த விதிகள் 1904இற் பொதுமக்களுக்கும் கிடைத்தன. சிக்காகோப் பல்கலைக்கழக அச்சகத்தின் கைந்நூல் 1906இல் வெளிவந்தது. அமெரிக்க உளவியலாளர் 1929இல் வெளியிட்ட விதிகள் ஏழே பக்கங்கள்; இன்று அவை ஒரு தடித்த நூல். மருத்துவச் சஞ்சிகைகளின் ஆசிரியர் சிலர் 1978இல் வான்கூவர் நகரிற் கூடி எண்முறை ஒன்றை வகுத்தனர். விதிகள் பெருகப் பெருக ஆய்வாளரின் துன்பமும் பெருகியது. ஒரு சஞ்சிகை மறுத்த கட்டுரையை வேறொன்றுக்கு அனுப்புமுன், கருத்தில் ஓர் எழுத்தையும் மாற்றாது, உசாத்துணைப் பட்டியலை மட்டும் முதலிலிருந்து இறுதிவரை மீண்டும் தட்டச்சிட நேர்ந்தது.

கணினியின் வருகையே இத்துன்பத்தின் வேரைத் தொட்டது. ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் கனூத், 1977இல் தம் நூலொன்றின் இரண்டாம் பதிப்புக்கு வந்த அச்சுப்படியின் அழகின்மை கண்டு மனம் வெதும்பித் தாமே ஓர் அச்சுக்கோப்பு நிரலை ஆக்க முற்பட்டார். 1978இல் உருவான அதற்கு டெக் எனப் பெயர். ஏறத்தாழ அக்காலத்திலேயே பெல் ஆய்வுகூடத்தில் மைக் லெஸ்க் ஆக்கிய நிரலும், கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் பிரையன் றீட் ஆக்கிய ஸ்கிரைப் என்னும் நிரலும், நூல் பற்றிய தரவை அதன் அச்சு வடிவத்தினின்று பிரிக்கும் எண்ணத்தைச் செயற்படுத்தின. லெஸ்லி லாம்போர்ட் டெக்கின் மீது லேடெக்கை எழுப்ப, அதற்குத் துணையாக ஓரன் பட்டாஷ்னிக் 1985இல் பிப்டெக்கை ஆக்கினார்.

இதன் செயன்முறை எளிது. ஆய்வாளர் ஒவ்வொரு நூலுக்கும் ஆசிரியர், தலைப்பு, ஆண்டு எனப் புலம் புலமாகத் தரவை ஒரு கோப்பிற் பதிந்து, அந்நூலுக்கு ஒரு குறியீட்டுச் சொல்லை இடுவார். கட்டுரையில் அச்சொல்லை மட்டும் எழுதுவார். எஞ்சியதை வடிவக் கோப்பு ஒன்று கவனித்துக்கொள்ளும். கோப்பை மாற்றினாற் பட்டியல் முழுவதும் கணப்பொழுதில் வேறு கோலம் கொள்ளும். பட்டாஷ்னிக் வழங்கிய அடிப்படை வடிவங்கள் நான்கு. ஐந்தாவதை விரும்பியவரோ அவ்வடிவக் கோப்பின் மொழியைக் கற்க வேண்டியதாயிற்று. அம்மொழியிற் பொருள்களை முதலில் அடுக்கி, செய்யவேண்டிய வினையை இறுதியிற் கூறுதல் வேண்டும். வினைமுற்றை இறுதியில் வைத்துப் பேசும் தமிழருக்கு இது இயல்பாகத் தோன்றக்கூடும். பிற நிரல்மொழிகளிற் பழகியோருக்கு இது பெருந் தலையிடியாயிற்று. ஒரு காற்புள்ளியை நீக்குவதற்குப் பல நூறு வரிகளைப் படிக்க நேர்ந்தது.

பற்றிக் டேலி என்பார் 1990களில் வெளியிட்ட கருவி இச்சிக்கலைத் தளர்த்தியது. ஆண்டு எங்கே, பெயர் எவ்வாறு, தலைப்புக்குச் சாய்வெழுத்தா என அக்கருவி ஒவ்வொன்றாக வினவும். விடைகளைக்கொண்டு வடிவக் கோப்பைத் தானே எழுதித்தரும். 2006இல் பிலிப் லேமன் வெளியிடத் தொடங்கிய பிப்லேடெக் மேலும் ஒரு படி சென்று, வடிவத்தை லேடெக்கின் சொந்தக் கட்டளைகளாலேயே அமைக்க வழிசெய்தது. தொகுப்பு நூலின் பெயருக்கு முன்வரும் ஒரு சிறுசொல்லை நீக்க இப்போது ஒரு வரி போதும். 'மேற்படி நூல்', 'பக்.', 'தொகு.' என்பவற்றை ஆங்கிலச் சுருக்கங்களின் இடத்தில் இருத்துவதும் கடினமன்று. இன்னொரு புறத்தில் சொட்டேரோ முதலிய மென்பொருள்கள் பயன்படுத்தும் பொதுவடிவ மொழியொன்றில் இன்று பத்தாயிரத்துக்கு மேற்பட்ட வடிவங்கள் சேர்ந்துள்ளன. அவற்றுட் பெரும்பாலானவை சில நூறு மூலவடிவங்களையே வேறு சஞ்சிகைப் பெயரில் மீண்டும் சுட்டுவன.

இத்துணை வசதி வந்த பின்னரும், தமிழில் ஆய்வேடு எழுதுபவர் இந்நிரல்களை உள்ளபடியே ஏற்க இயலாது. பிப்டெக் ஒருவரது பெயரை நான்கு பகுதிகளாகக் காண்கின்றது: முற்பெயர், இடையில் வரும் அடைச்சொல், குடும்பப்பெயர், பின்னொட்டு. தமிழ்ப் பெயரிற் குடும்பப்பெயர் என ஒன்று பொதுவாக இல்லை. சி. வை. தாமோதரம்பிள்ளை என்பதில் முதலெழுத்து சிறுப்பிட்டி என்னும் ஊரையும், அடுத்தது தந்தையார் வைரவநாதபிள்ளையையும் குறிக்கும். முதலெழுத்துகள் முன்னே நிற்குமளவும் நிரல் தற்செயலாகச் சரியான விடையைத் தரும். தம் பெயரை முன்னும் தந்தை பெயரைப் பின்னும் எழுதுவோர் பட்டியலில் தந்தையின் பெயரால் வரிசைப்படுவர். உடன்பிறந்தோர் இருவர் எழுதியவை ஒருவர் எழுதியவை போலக் கலந்தும் நிற்கும்.

எழுத்தின் நிலை இன்னும் மோசமானது. பழைய பிப்டெக் ஒரு பைட்டை ஓர் எழுத்தாகக் கொள்வது. யூனிக்கோட் முறையிற் பரவலாக வழங்கும் குறியாக்கத்திலோ தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகள் கொண்டது. எனவே 'வேங்கடசுப்பையர்' என்பதை முதலெழுத்தாகச் சுருக்குமாறு பணித்தால், எழுத்தொன்றின் மூன்றிலொரு பங்கே மிஞ்சும். யூனிக்கோட்டை அறிந்த நிரலும் குறிகளைத் தனித்தனியே எண்ணுமாயின் 'வே' என்பது 'வ' ஆகிவிடும். அகரவரிசையும் அவ்வாறே. யூனிக்கோட் அட்டவணையில் னகரம் நகரத்தை அடுத்து இடம்பெற்றிருத்தலால், அவ்வெண் வரிசையை அப்படியே பின்பற்றும் பட்டியலிற் கனகசபை கமலாவுக்கு முன் நிற்பார். நெடுங்கணக்கு முறையிலோ னகரமே மெய்களுள் இறுதியானது.

இவற்றினும் ஆழமான சிக்கல் பழந்தமிழ்ப் பதிப்புகளைச் சான்று காட்டும்போது எழுகின்றது. நச்சினார்க்கினியர் முதலிய உரையாசிரியர் 'என்றார் பிறரும்' எனக் கூறி, நூற்பெயர் சுட்டாமலே மேற்கோள்களை அடுக்கிச் செல்வர். கற்றோர் நினைவில் அந்நூல்கள் இருந்த காலத்தில் அது போதுமானதாயிருந்தது. சீவகசிந்தாமணியைப் பதிப்பிக்க முனைந்த உ. வே. சாமிநாதையர் அம்மேற்கோள்கள் எந்நூலைச் சேர்ந்தவை என அறிய ஏடு ஏடாகத் தேடினார். அத்தேடலே அவரைச் சங்க இலக்கியத்திடம் இட்டுச்சென்ற வழிகளுள் ஒன்று. அப்பதிப்பு 1887இல் வெளிவந்தது. அதனை உசாத்துணைப் பட்டியலிற் சேர்ப்பவர் மூவரைக் குறிப்பிடுதல் வேண்டும்: நூலாசிரியர் திருத்தக்கதேவர், உரையாசிரியர் நச்சினார்க்கினியர், பதிப்பாசிரியர் சாமிநாதையர். பிப்டெக்கின் அடிப்படை வடிவங்களில் உரையாசிரியருக்குப் புலமே இல்லை. நூலாசிரியரும் பதிப்பாசிரியரும் ஒருங்கே தரப்படின், இரண்டையும் பயன்படுத்த இயலாது என எச்சரித்துவிட்டு, நிரல் பதிப்பாசிரியரை விட்டுவிடும். பெயர் சுட்டாத மேற்கோள்களுக்கு ஊர் ஊராக அலைந்து முகவரி தேடியவரின் பெயரே பட்டியலில் இல்லாது போகும். பிப்லேடெக்கில் உரையாசிரியருக்கெனத் தனிப்புலம் உண்டு. பதிப்பாசிரியரும் அதில் விடுபடுவதில்லை. மூவரும் எந்த வரிசையில் நிற்பது என்பதை ஆய்வாளர் தாமே எழுதிவைக்கலாம்.