போர்வையும் பாரமும்

என் பெரியக்காவின் மருத்துவக் கோப்பில் டாக்டர் ஒருநாள் 'பாலியேட்டிவ்' என்று எழுதினார். அக்கா மகன் அதைப் படித்துவிட்டு வராந்தாவுக்கு வந்து, "மாமா, கைவிட்டுட்டாங்களா?" என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. முப்பது வருடம் வங்கியில் ஆங்கிலத்தில் கடிதம் எழுதியவன் நான். 'அலீவியேட்', 'பாலியேட்' இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றுதான், உபாதையைக் குறைப்பது என்றே நினைத்திருந்தேன்.

அப்படியில்லை என்பது பிறகு அகராதியைப் புரட்டியபோதுதான் தெரிந்தது. இரண்டும் லத்தீன் வழி வந்தவை. அலீவியேட்டுக்குள் இருப்பது 'லெவிஸ்', அதாவது கனமில்லாதது. தலைச்சுமைக்காரருக்கு ஒரு கை கொடுத்துப் பாரத்தைக் குறைப்பது போல. பாலியேட்டுக்குள் இருப்பது 'பாலியம்', மேலே போர்த்திக்கொள்ளும் அங்கி. போர்த்தினால் மறைக்கவும் செய்யுமே! அதனால் ஒருவர் செய்த தப்பைப் பூசி மெழுகுவதற்கும் ஆங்கிலத்தில் பாலியேட் என்றார்கள். நோயின் வேரைத் தொடாமல் மேலுக்குச் செய்யும் வைத்தியத்துக்கும் அதே சொல். கொஞ்சம் இளக்காரமான சொல்தான்.

இந்தச் சொல் எப்படி ஒரு மருத்துவத் துறைக்கே பெயரானது? லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் என்ற அம்மையார் முதலில் நர்ஸ், பிறகு மருத்துவ சமூகப் பணியாளர், அதற்கும் பிறகு படித்து டாக்டர் ஆனவர். 1967-இல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கினார். வலி வந்த பிறகு மருந்து கொடுப்பதல்ல, வலி திரும்புமுன் கடிகாரம் பார்த்து மார்ஃபின் கொடுப்பது அவர் வழி. உடம்பின் வலியோடு மனக்கவலை, குடும்பக் கவலை எல்லாவற்றையும் சேர்த்தே 'முழு வலி' என்றார்.

கனடாவிலிருந்து பால்ஃபர் மவுன்ட் என்ற அறுவை மருத்துவர் 1973-இல் அங்கே போய்ப் பார்த்தார். ஊர் திரும்பி மான்ட்ரியாலில் அதே போல் ஒரு வார்டு தொடங்க நினைத்தபோது பெயரில் சிக்கல். மான்ட்ரியாலில் பிரெஞ்சு பேசுபவர்கள் அதிகம். பிரெஞ்சில் 'ஹாஸ்பிஸ்' என்றால் கதியற்றவர்களைக் கொண்டுபோய் விடும் இடம் என்ற நினைப்பு வரும். அதைத் தவிர்க்கத்தான் 'பாலியேட்டிவ் கேர்' என்று வைத்தார். 1975-இல் ராயல் விக்டோரியா ஆஸ்பத்திரியில் வார்டு திறந்தது.

வேடிக்கை என்னவென்றால், கைவிடப்பட்டவர்கள் என்ற நினைப்பு வரக்கூடாது என்று தேடி வைத்த பெயர் அது. அதைப் படித்துவிட்டுத்தான் எங்கள் பையன் அப்படிக் கேட்டான். தமிழில் 'நோய் தணிப்பு சிகிச்சை' என்கிறார்கள். தீயையும் தணிக்கிறோம், தாகத்தையும் தணிக்கிறோம். மறைக்கிற வாடை அதில் இல்லை. எனக்கு இதுவே பிடித்திருக்கிறது.

அக்காவுக்கு நாலு மணிக்கொரு தரம் மார்ஃபின் மாத்திரை. ராத்திரி அலாரம் வைத்து எழுந்து கொடுத்தது அவள் மகன்தான். மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்து, மிளகு ரசம் வேண்டும் என்று கேட்டாள். உப்பு பத்தவில்லை என்று திட்டவும் செய்தாள்.