பாட்டக்கெட் கீழணை: ஒரு தீர்ப்பும் ஓர் ஆண்டும்

அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் உள்ள பாட்டக்கெட் அருவியின் வரலாற்றைச் சாமுவேல் ஸ்லேட்டரின் 1793ஆம் ஆண்டு நூற்பாலையிலிருந்து தொடங்குவது வழக்கம். அதற்கு முன்பே ஆலைகளை ஓட்டிக்கொண்டிருந்த கீழணை, ‘டைலர் எதிர் வில்கின்சன்’ வழக்கில் நீதிபதி ஜோசப் ஸ்டோரி 1827இல் அளித்த தீர்ப்பால்தான் சட்ட வரலாற்றில் இடம்பெற்றது. அத்தீர்ப்பைப் பேசுவோர் மார்ட்டன் ஹார்விட்ஸ் 1977இல் வெளியிட்ட ‘அமெரிக்கச் சட்டத்தின் உருமாற்றம்’ நூலைக் கடந்து செல்ல முடியாது.

ஆற்றின் இயல்பான ஓட்டம் குறையக் கூடாது என்ற பழைய கொள்கையும், கரைக்காரர் எவரும் நியாயமான அளவில் நீரைப் பயன்படுத்தலாம் என்ற புதிய கொள்கையும் ஸ்டோரியின் எழுத்தில் அருகருகே இருப்பதை ஹார்விட்ஸ் காட்டினார். பின்னது தொழில் வளர்ச்சிக்கு இடம்கொடுத்தது என்பது அவர் வாதத்தின் சாரம். தீர்ப்பின் கொள்கைப் பகுதியைப் பொறுத்தவரை இதை மறுப்பதற்கில்லை. ஆனால் வழக்கைத் தீர்த்தது அந்தப் பகுதியன்று.

கீழணை ஆலைக்காரர்களே வாதிகள். அணைக்குச் சற்று மேலே மேற்குக் கரையில் பிரிந்து, அணையைச் சுற்றிக் கீழே ஆற்றில் சேரும் சார்ஜன்ட் வாய்க்காலின் உரிமையாளர்கள் பிரதிவாதிகள். வாய்க்காலுக்கு உபரி நீர் மட்டுமே உரியது, வறட்சியில் முதல் உரிமை அணைக்கே என்றனர் வாதிகள். ஸ்டோரி இதை ஏற்கவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட தடையற்ற அனுபோகம் இருந்தால், ஆதியில் உரிமை வழங்கப்பட்டதாகவே கொள்ள வேண்டும் என்றார். ஆகவே வாய்க்காலில் வழக்கமாக ஓடிய நீர் வறட்சியிலும் அதன் உரிமையாளர்களுக்கு உரியது. ஆலையை எதற்கு மாற்றினாலும் அந்த மாமூல் அளவுக்கு மேல் ஒரு துளியும் கூடாது.

ஹார்விட்ஸின் வாசிப்பில் இந்த முடிவுரைக்குப் போதிய இடமில்லை. புதிய ஆலைக்கு அதிக நீர் தேவை என்பது இங்கே உரிமையாகவில்லை; பழைய அனுபோகமே அளவுகோலாயிற்று. இரு தரப்பும் ஆலைக்காரர்கள் என்பதால், பழைய உழவுக்கும் புதிய தொழிலுக்கும் நடந்த மோதலாகவும் இதைக் காண இயலாது. பிற்கால நீதிமன்றங்கள் கொள்கைப் பகுதியை எடுத்துக்கொண்டு எங்கே சென்றன என்பது வேறு கேள்வி.

அனுபோகமே அளவுகோல் என்றால் ஆண்டுகளின் வரிசை முக்கியமாகிறது. பிராதின்படி வாய்க்கால் வெட்டப்பட்டது 1714. அணை 1718இலேயே இருந்தது. மீன் ஏறுவதற்காக வெட்டிய வாய்க்கால் பயன்படாமற்போக, 1730 வாக்கில் அதன் குறுக்கே நங்கூரப் பட்டறை எழுந்தது. வாய்க்காலின் தலைப்புக்கும் மேலே மேலணை கட்டப்பட்டது 1792. அணையைச் சுற்றி மீனை ஏற்றும் வாய்க்கால், அணைக்கு நான்காண்டு முந்தியது எப்படி?

1718ஐக் கட்டுமான ஆண்டாகக் கொள்ளக் கூடாது என்பது என் கருத்து. 1730க்கு முன்பே அணை இருந்ததென நிறுவினால் வாதிகளுக்குப் போதும். அதனினும் பின்னோக்கிச் செல்லும் தேவை அவர்களுக்கு இல்லை. ஜோசப் ஜெங்க்ஸ் 1671 வாக்கிலேயே இங்கே இரும்புப் பட்டறையும் மர அறுவை ஆலையும் வைத்திருந்தார். 1676இல் ‘பிலிப் மன்னர் போரில்’ அவை எரிந்து, பின்னர் மீண்டும் எழுந்தன. அவற்றின் சக்கரங்களைச் சுற்றவைக்க ஏதேனும் ஒரு தடுப்பு இருந்திருக்க வேண்டும். 1714இல் மீனை மறித்தது அதன் வாரிசாக இருக்கலாம்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. மீன் ஏறுவதற்காக அருவிப் பாறைகளை வெடிவைத்து உடைக்க ரோட் ஐலண்ட் சட்டமன்றம் 1773இல் அனுமதித்தது. பாறையே தடையாக இருந்ததென்றால் 1714இன் வாய்க்காலுக்கு அணை தேவையில்லை. ஜெங்க்ஸின் சக்கரங்களும் அருவியின் சரிவிலிருந்து மரத்தொட்டி வழியே நீர் பெற்றிருக்கலாம். ஆகையால் கீழணையின் தொடக்கத்தை 1671க்கும் 1718க்கும் இடையே வைப்பதே இப்போதைக்குச் சரி. எந்த ஆண்டை ஏற்றாலும் தீர்ப்பின் அடிப்படை மாறாது: அனுபோகக் கணக்குக்கு 1730இன் பட்டறையே போதுமானது.