மின் நீர்மூழ்கி எக்கியில் வாயுப் பிரிப்பு

மின் நீர்மூழ்கி எக்கி என்பது எண்ணெய்க் கிணற்றினுள் இறக்கப்பட்டு, எண்ணெயையும் நீரையும் மேலே தள்ளும் பல அடுக்கு மையவிலக்கு எக்கி (பம்பு) ஆகும். கிணற்றின் இயல்பான அழுத்தம் போதாதபோது இது பயன்படுகிறது. நீர்மத்தைத் தள்ளவே வடிவமைக்கப்பட்ட இவ்வெக்கிக்கு, எண்ணெயுடன் கலந்து வரும் வாயு பெரும் இடராகும்.

வரலாறு

திபிலீசியில் பிறந்த ஆர்மேனியரான ஆர்மைசு அருத்தூனவ் இவ்வகை எக்கியை உருவாக்கினார். 1923இல் அமெரிக்காவில் குடியேறிய இவர், 1920களின் பிற்பகுதியில் கான்சாசு மாநில எண்ணெய்க் கிணற்றில் இதனை இயக்கிக் காட்டினார். இவருடைய ரெடா நிறுவனம் 1930இல் ஓக்லகோமாவின் பார்ட்டில்சுவில் நகரில் அமைந்தது.

அமைப்பு

கீழிருந்து மேலாக மின்னோடி, காப்புப் பகுதி, உள்ளிழு வாய், எக்கி என்பது வரிசை. நம் ஆழ்துளைக் கிணறுகளின் நீர்மூழ்கி மோட்டாரிலும் மோட்டார் அடியில்தான் இருக்கும். மின்னோடியை உரசிச் செல்லும் பாய்மமே அதனைக் குளிர்விக்கிறது.

வாயுப் பூட்டு

எண்ணெயில் கரைந்துள்ள வாயு, அழுத்தம் குமிழிப் புள்ளிக்குக் கீழே இறங்கும்போது குமிழிகளாகப் பிரிகிறது. சோடாப் புட்டியைத் திறக்கும்போது நிகழ்வதும் இதுவே. எக்கியின் சுழல் சக்கரத்தில் அடர்த்தி மிகுந்த நீர்மம் வெளிவிளிம்புக்கு வீசப்பட, இலேசான வாயு மையத்தருகே தங்குகிறது. அது திரண்டு நீர்மத்தின் வழியை அடைத்துவிட்டால் எக்கி சுழலும். ஆனால் எதையும் தள்ளாது. இதுவே வாயுப் பூட்டு எனப்படுகிறது.

அப்போது சுமை குறைந்து மின்னோட்டம் சரியும். அதனை உணர்ந்து கட்டுப்பாட்டுப் பெட்டி மின்னோடியை நிறுத்த வேண்டும். தவறினால், பாய்ம ஓட்டமின்றி மின்னோடி சூடேறி எரிந்துபோகும். பின்னர் குழாய்த் தொடர் முழுவதையும் வெளியே இழுக்க வேண்டியிருப்பதால், இழப்பு மின்னோடியின் விலையோடு நிற்பதில்லை. நின்றவுடன் மீண்டும் இயக்குவதும் ஆபத்தானது. குழாயிலுள்ள நீர்மம் கீழிறங்குகையில் எக்கி பின்னோக்கிச் சுழலும். அந்நேரத்தில் மின்சாரம் கொடுத்தால் தண்டு முறியக்கூடும்.

வாயுவை விலக்குதல்

எண்ணெய் கிணற்றுக்குள் நுழையும் துளைகளுக்குக் கீழே உள்ளிழு வாயை அமைப்பது மிக எளிய வழி. வாயு மேலேறிவிட, நீர்மம் கீழே வரும். ஆனால் இந்நிலையில் மின்னோடியைக் கடந்து பாய்மம் ஓடாது. எனவே அதனைச் சுற்றி அடிப்புறம் திறந்த உறையொன்று பொருத்தப்படுகிறது. நீர்மம் உறைக்கு வெளியே கீழிறங்கி, திரும்பி, மின்னோடியை உரசியபடி மேலேறும்.

எதிரோட்ட உள்ளிழு வாயிலும் பாய்மம் திசைமாறியே நுழைய வேண்டும். அத்திருப்பத்தில் வாயுவின் ஒரு பகுதி பிரிந்துவிடும். சுழற்பிரிப்பானோ மையவிலக்கு விசையால் நீர்மத்தை வெளிப்புறமும் வாயுவை நடுவிலும் ஒதுக்குகிறது. பின்னர் குறுக்குப் பாதைகள் நீர்மத்தை எக்கிக்கும், வாயுவைக் குழாய்க்கும் கிணற்றுச் சுவர்க்குழாய்க்கும் இடைப்பட்ட வெளிக்கும் அனுப்புகின்றன. மணல் மிகுந்த கிணறுகளில் இது கவனத்திற்குரியது. வேகமாகச் சுழலும் மணல் பிரிப்பானின் கூட்டையே அறுத்து, கீழுள்ள மின்னோடி கிணற்றில் விழ நேரிடலாம்.

வாயுவைக் கையாளுதல்

கடல் கிணறுகள் பலவற்றில் பாதுகாப்புக் கருதி அந்த இடைவெளி அடைக்கப்பட்டிருக்கும். அங்கே பிரித்த வாயுவுக்குப் போக்கிடமில்லை. அதனை எக்கியின் வழியாகவே அனுப்பியாக வேண்டும். சாதாரண ஆர அடுக்குகள் கன அளவில் ஏறத்தாழ 10 முதல் 20 விழுக்காடு வரையிலான வாயுவையே தாங்கும். கலப்போட்ட அடுக்குகள் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். திருகு வடிவ அச்சு அடுக்குகள் குமிழிகளைச் சிதறடித்து, அழுத்தி, ஏறத்தாழ 70 விழுக்காடு வரையிலும் கையாளுகின்றன. இவ்வெண்கள் உள்ளிழு அழுத்தத்தைப் பொறுத்து மாறுவன. அழுத்தம் மிகுந்தால் அதே வாயு குறைந்த இடத்தையே அடைக்கும்.