ஓவர்கிளாக்கிங் ஸ்கிரீன்ஷாட்களின் மெய்ம்மையைச் சோதித்தல்

கணினியின் பிராசசரையோ கிராபிக்ஸ் கார்டையோ தயாரிப்பாளர் வகுத்த வேகத்துக்கு மேல் ஓட்டுவது ஓவர்கிளாக்கிங். அப்படி எட்டிய வேகத்துக்கும் பெஞ்ச்மார்க் மதிப்பெண்ணுக்கும் சான்றாகப் பெரும்பாலும் முன்வைக்கப்படுவது ஒரு ஸ்கிரீன்ஷாட். அது மெய்யா என்ற கேள்வி எழுந்ததும், எழுத்துரு பிசகியிருக்கிறதா, இலக்கங்களின் ஓரத்தில் ஒட்டுவேலை தெரிகிறதா என்று படத்தைத் துருவுவதே வழக்கம். அது வேண்டியதுதான். ஆனால் படத்தில் கைவைக்காமலேயே தவறான எண்ணைத் திரையில் வரவழைக்க முடியும் என்பதை இத்துறை பட்டே அறிந்திருக்கிறது. ஒன்றையொன்று சாராத அளவீடுகள் தமக்குள் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதே நம்பத்தக்க சோதனை.

இதற்கு மிக வலுவான சான்று 2013-இல் கிடைத்தது. ஓவர்கிளாக்கிங் சாதனைகளைப் பதிவுசெய்யும் எச்டபிள்யூபாட் அமைப்பு, அவ்வாண்டு ஆகஸ்டில் விண்டோஸ் 8-இல் எடுத்த முடிவுகளை ஏற்பதை நிறுத்தியது. விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிராசசரின் அடிப்படைக் கடிகாரத்தை மாற்றினால், சில கணினிகளில் இயங்குதளத்தின் நேரக்கணக்கும் கூடவே பிசகியது. அடிப்படைக் கடிகாரத்தை 6% குறைத்தால் கணினியின் நொடியும் அந்த அளவுக்கு நீளும். உண்மையில் 5 நிமிடம் கழிந்திருக்க, கணினி 18 நொடி குறைத்துக் காட்டும். பெஞ்ச்மார்க் நேரத்தை அளப்பது அதே கடிகாரத்தைக் கொண்டுதான். எனவே பிராசசரின் வேகம் இறங்கியும் மதிப்பெண் இறங்காமல் நிற்கும். படிக்கல்லே எடை குறைந்திருந்தால் தராசு முள் நேராக நிற்பதைப் பார்த்து என்ன பயன்? அந்த ஸ்கிரீன்ஷாட்டை எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் குறை தென்படாது, ஏனெனில் படம் திருத்தப்படவே இல்லை. பின்னர் பல சோதனைகளுக்கு, அடிப்படைக் கடிகாரத்தைச் சாராத எச்பிஇடி என்ற தனி நேரங்காட்டி இயக்கப்பட்டிருக்க வேண்டும் என்று விதி வந்தது. ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டிலும் கடிகாரத்தையே முதலில் ஐயுற வேண்டும் என்ற புரிதலிலிருந்து பிறந்த விதி அது.

கடிகாரம் சரியாக இருந்தாலும் வேலையே குறைக்கப்பட்டிருக்கலாம். 2003-இல் தன் த்ரீடிமார்க் 03 கிராபிக்ஸ் சோதனையை ஆராய்ந்த ஃபியூச்சர்மார்க் நிறுவனம், கிராபிக்ஸ் கார்டு தயாரிப்பாளரான என்விடியாவின் டிரைவர் அந்தச் சோதனையை அடையாளம் கண்டு குறுக்குவழியில் போவதாக அறிவித்தது. சோதனையில் கேமரா நகரும் பாதை முன்பே தெரிந்தது என்பதால், திரையில் விழாத பகுதிகளை வரையாமல் விட்டுவிட முடிந்தது. டிரைவரால் சோதனையை அடையாளம் காண முடியாதபடி மாற்றிய பிறகு, ஜீஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5900 அல்ட்ராவின் மதிப்பெண் 24.1% சரிந்தது. போட்டி நிறுவனமான ஏடிஐயின் கார்டில் சரிவு 1.9%. பிறகு ஃபியூச்சர்மார்க்கும் என்விடியாவும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை, இதை ஏமாற்று என்று சொல்லாமல் மென்மையான சொற்களில் விவரித்தது. எந்தப் பெயரிட்டாலும், அந்த மதிப்பெண் குறிப்பதாகச் சொன்ன வேலை முழுதாக நடக்கவில்லை.

அப்படியானால் எதை எதோடு ஒப்பிடுவது? சூப்பர் பை நல்ல எடுத்துக்காட்டு. டோக்கியோ பல்கலைக்கழகத்தின் கனடா ஆய்வகத்தில் 1995-இல் பை எண்ணின் இலக்கங்களைக் கணிக்கப் பயன்பட்ட நிரலின் வழிவந்தது இது. செய்யவேண்டிய வேலை மாறாதது. ஓடுவதும் ஒரே கோரில். ஒரு பிராசசர் 4 கிகாஹெர்ட்ஸில் 10 நொடியில் முடித்தால், பிராசசரின் வேகத்தை மட்டும் 5 கிகாஹெர்ட்ஸுக்கு உயர்த்தி 8 நொடிக்குக் கீழே இறக்க முடியாது. மெமரி அதே வேகத்தில் இருப்பதால் உண்மையில் 8-க்குச் சற்று மேலேதான் நிற்கும். யாராவது 7 நொடி என்று காட்டினால், மெமரியும் முடுக்கப்பட்டதா என்று அடுத்துப் பார்க்க வேண்டும். கணினிப் பாகங்களின் விவரங்களைக் காட்டும் சிபியு-இசட் நிரலின் பிராசசர், மெமரி பக்கங்கள் இரண்டும் முடிவோடு ஒரே திரையில் இருக்கவேண்டும் என்று கேட்பது இதற்காகத்தான்.

நிரலே முடிவுக்கு முத்திரை எண் இடும்போது இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்கலாம். திருத்தப்பட்ட சூப்பர் பை 1.5 பதிப்பு அப்படியொரு எண்ணைத் தருகிறது. சிபியு-இசட்டும் சரிபார்ப்புக் கோப்பு ஒன்றை உருவாக்குகிறது. இவை சாதாரணப் புரட்டைத் தடுக்கும். ஆனால் முத்திரை இடும் நிரல் ஓடுவது சாதனை கோருபவரின் கணினியில். அதைப் பிரித்துப் பார்க்கும் வாய்ப்பு முழுவதும் அவரிடமே இருக்கிறது. தவிர, நேரமே பிசகியிருந்தால் பிசகிய எண்ணுக்கும் முத்திரை செம்மையாகவே விழும்.

இவ்வளவு ஐயம் நேர்மையானவர்களைப் புண்படுத்தும் என்பதே கனமான மறுப்பு. இத்துறையில் சாதனை என்பதே வழக்கத்தை மீறிய எண். 2011-இல் ஏஎம்டி எஃப்எக்ஸ்-8150 எட்டிய 8.429 கிகாஹெர்ட்ஸ், அன்று வீட்டுக் கணினிகள் ஓடிய வேகத்தைப்போல் இரு மடங்குக்கும் மேல். திரவ ஹீலியத்தால் குளிரூட்டி, பிராசசரின் ஒரே ஒரு கோர் தொகுதியை (மாட்யூலை) மட்டும் இயக்கி அடைந்த உண்மையான சாதனை அது. எண் பெரிது என்பதற்காகவே தள்ளுவது அநியாயம். சான்று போதவில்லை என்பது வேறு, பொய் என்பது வேறு. தீர்ப்பில் இரண்டையும் குழப்பக்கூடாது. குளிரூட்டும் திரவம் ஆவியான பிறகு அதே வேகத்தை மறுபடி எட்டிக் காட்டச் சொல்வதும் பெரும்பாலும் நடவாத காரியம். ஆகவே சரிபார்ப்புக் கோப்பு, கருவி அமைப்பின் புகைப்படம், நேரங்காட்டி எது என்ற விவரம் ஆகியவற்றைச் சோதனை ஓடும்போதே சேமித்துவைக்கச் சொல்வது, சாதனையாளரின் உழைப்புக்குக் காப்பாகும்.