காரைக்கால் கும்பிடும் அம்மையார்

காரைக்கால் அம்மையாருக்குத் தமிழ் மண்ணில் இரண்டு திருமேனிகள் உண்டு. எலும்பும் தோலுமாய், கையில் தாளத்தோடு நடராசரின் காலடியில் உட்கார்ந்து பாடும் பேயுரு ஒன்று. பேயுரு கொள்ளுமுன் இருந்த, பட்டும் நகையுமாய் நிற்கும் இளம்பெண் புனிதவதி மற்றொன்று. பழைய சிற்பிகள் பேயுருவையே விரும்பிச் செய்தார்கள். கங்கைகொண்ட சோழபுரத்தில், 11-ஆம் நூற்றாண்டின் ஆடவல்லான் சிற்பத்தருகே அவர் இருக்கிறார். கடல் கடந்து கம்போடியாவில், 967-இல் எழுந்த பந்தேய் ஸ்ரேய் கோயிலின் முகப்பில் ஆடும் சிவனுக்குப் பக்கத்திலும் அந்த மெலிந்த பெண்ணை அறிஞர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். கோயில்களில் அறுபத்துமூவர் வரிசையில் மற்றவர்கள் நிற்க, உட்கார்ந்திருப்பவர் இவர். ஆனால் அவர் பிறந்த ஊர் தனக்கென்று தேர்ந்துகொண்டது புனிதவதியை. பயங்கரமான ஒரு துறவியை அழகான மருமகளாக்கி ஊர் அடக்கிவிட்டது என்று இதற்கு விளக்கம் சொல்லப்படுவதுண்டு. எனக்கு அது சரியாகப்படவில்லை. ஒரு திருமேனியைத் தேர்வது, அதற்கு நாம் என்ன பணிவிடை செய்யப்போகிறோம் என்பதைத் தேர்வது. அந்தக் கணக்கில் காரைக்கால் எடுத்த முடிவு தெளிவானது.

பேயுருவை முதலில் நெருங்கிப் பார்த்துவிடுவோம். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள 13-ஆம் நூற்றாண்டுச் செப்புத் திருமேனி ஒரு சாண் உயரம்தான். விலா எலும்புகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். மார்பு வற்றித் தொங்குகிறது. காறை எலும்பு புடைத்திருக்கிறது. முகத்தில் மட்டும் வாய்கொள்ளாச் சிரிப்பு. கன்சாஸ் சிட்டியின் நெல்சன்-அட்கின்ஸ் அருங்காட்சியகத்தில் இருப்பதும் இதே மரபில் வந்ததுதான். சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் இவற்றுக்கு இணையாகத் துணிச்சலோடு செய்யப்பட்டவை சொற்பம். ஆனால் இந்த உருவத்தின் பொருளெல்லாம் அந்த விலா எலும்பில்தான் இருக்கிறது. அதன்மேல் சந்தனம் பூசினாலோ, பட்டுச் சுற்றினாலோ சிற்பி சொன்னது மறைந்துபோகும். கோயில் வழக்கமோ நேர்மாறு. நீராட்டி, உடுத்தி, மாலை சாத்திய பிறகு வெளியே தெரிவது முகமும் கைகளும்தான். உபசாரங்களை வேண்டாமென்று உதறிய உருவத்துக்கு அதே உபசாரத்தை நாள்தோறும் செய்வதில் ஒரு முரண் இருக்கிறது. சோழச் சிற்பிகள் அதை உணர்ந்திருந்தார்கள் என்றே நினைக்கிறேன். அவர்கள் பேயுருவை நடராசரின் அடியில் வைத்தார்கள். அங்கே அவர் பூசையைப் பெறுபவர் அல்லர், பாடுபவர்.

ஊரின் பக்கம் இருக்கும் வலுவான சான்று சேக்கிழாரிடம் கிடைக்கிறது. பெரியபுராணத்தில் அம்மையாரின் வாழ்க்கை ஊர் ஊராகப் பிரிந்து கிடக்கிறது. துறைமுகமான காரைக்காலில் வணிகர் தனதத்தனின் மகளாகப் பிறப்பதும், நாகப்பட்டினத்து வணிகர் மகன் பரமதத்தனை மணந்து பிறந்த ஊரிலேயே தனிவீட்டில் குடித்தனம் நடத்துவதும், அடியாருக்குச் சோற்றோடு மாங்கனி படைப்பதும், இன்னொரு கனியை இறைவனிடம் கேட்டுப் பெறுவதும் காரைக்காலில் நடக்கின்றன. அந்த அற்புதத்தைக் கண்டு அஞ்சிய கணவன் கப்பலேறிப் போய்ப் பாண்டிநாட்டில் வேறொரு பெண்ணை மணக்கிறான். பிறந்த மகளுக்கு முதல் மனைவியின் பெயரையே வைக்கிறான். சுற்றத்தார் அம்மையாரை அங்கே அழைத்துச் செல்ல, மனைவியோடும் மகளோடும் அவர் காலில் விழுகிறான். தசைப்பொதியை உதறிப் பேயுரு கொள்வது அதன் பிறகு, அந்தப் பாண்டிநாட்டு ஊரில். கயிலைக்குத் தலையால் நடந்ததும், திருவாலங்காட்டில் சிவனின் ஆட்டத்தைக் கண்டு பாடியதும் அதற்கும் பின்னால். சேக்கிழார் கணக்குப்படி பேயம்மையார் காரைக்கால் தெருவில் நடக்கவே இல்லை. இந்த ஊர் கண்டது, வாசலுக்கு வந்தவரின் பசி தீர்த்த ஒரு பெண்ணைத்தான். தான் கண்டதை ஊர் கும்பிடுகிறது.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றில் கனமானது அம்மையாரின் சொந்தப் பாடல்களிலிருந்து வருகிறது. அற்புதத் திருவந்தாதியிலும் மூத்த திருப்பதிகங்களிலும் அவர் தம்மைக் காரைக்கால் பேய் என்றே குறிப்பிடுகிறார். கணவன், மாங்கனி, வணிகர் வீடு எதற்கும் அங்கே இடமில்லை. அவர் வாழ்ந்ததாகக் கருதப்படும் காலத்துக்கும் 12-ஆம் நூற்றாண்டுச் சேக்கிழாருக்கும் இடையே பல நூற்றாண்டுகள் கிடக்கின்றன. பாடியவரின் வாக்கை விட்டுவிட்டு, கதை சொன்னவரின் வாக்கை எடுத்துக்கொள்வது முறையா? பாடல்களை மட்டும் வைத்துப் பார்த்தால் இது நியாயமான கேள்விதான். ஆயினும் அம்மையாரே தம் பேயுருவோடு ஊர்ப்பெயரைச் சேர்த்துச் சொன்னார் என்பதையும் பார்க்க வேண்டும். சுடுகாட்டில் நின்றபோதும் தாம் எந்த ஊர்க்காரி என்பதை அவர் விடவில்லை. அவர் சுமந்து சென்ற பெயருக்குரிய ஊர், அவரைப் பிறந்தவீட்டுப் பெண்ணாக நினைவில் வைத்திருப்பது அத்துமீறல் ஆகாது. பேயுருவைத் தரிசிக்கத் திருவாலங்காடு இருக்கிறது. இரண்டு ஊர்களும் அவரைப் பங்கிட்டுக்கொண்டிருக்கின்றன.

பெண்ணின் துறவை மறைத்து இல்லறத்தை உயர்த்துகிறார்கள் என்பது இன்னொரு குற்றச்சாட்டு. ஆனி மாதப் பௌர்ணமியை ஒட்டிக் காரைக்காலில் நடக்கும் மாங்கனித் திருவிழாவை முழுதாகப் பார்த்தால் அது நிற்காது. திருக்கல்யாணம் நடக்கிறது என்பது உண்மை. ஆனால் விழாவின் உச்சம் கல்யாணம் இல்லை. பிட்சாடனர் வீதியுலாவும் அமுது படையலும்தான். பிச்சைக்கு வரும் இறைவன் மேல் மாடிகளிலிருந்தும் தெருவிலிருந்தும் மாம்பழங்கள் இறைபடுகின்றன. பிள்ளைவரம் வேண்டுபவர்கள் அவற்றை முந்தானையில் ஏந்துகிறார்கள். அம்மையார் அவரை எதிர்கொண்டு அழைத்து அமுது படைக்கிறார். இந்த விழாவுக்கு வாசலில் நின்று வரவேற்கும் பெண் வேண்டும். காலடியில் உட்கார்ந்த பேயுருவால் அந்தக் காரியம் நடக்காது. அம்மையாருக்கு ஊரில் உள்ள கோயிலும் கணவன் பெயரில் இல்லை. பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில், 1929-இல் மலைப்பெருமாள் பிள்ளை எழுப்பிய இந்தக் கோயிலை ஊர் அம்மையார் கோயில் என்றே அழைக்கிறது.

தேர்ந்தெடுத்த பிறகு காப்பது என்ற பெரிய வேலை இருக்கிறது. சுவாமிமலை ஸ்தபதிகள் தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்து உருவம் பிடித்து, காவிரி வண்டலால் கருக்கட்டி, மெழுகை உருக்கி வடித்துவிட்டு உலோகத்தை வார்க்கிறார்கள். பஞ்சலோகம் என்று சொன்னாலும் அதில் பெரும்பங்கு செம்பு. கண் திறந்து, நீரிலும் தானியத்திலும் வைத்தெடுத்து, பிரதிஷ்டை ஆனபின் அது பூசைக்குரியது. அன்றிலிருந்து தேய்மானமும் தொடங்குகிறது. தலைமுறை தலைமுறையாகப் புளியும் திருநீறும் போட்டுத் துலக்கியதில் மூக்கும் உதடும் மழுங்கிய உற்சவர்கள் டெல்டாவில் ஏராளம். அது பக்தியின் தழும்பு என்று விட்டுவிடலாமா? கடற்கரை ஊரில் விட முடியாது. உப்புக்காற்றிலுள்ள குளோரைடு செம்பைத் தின்று, வெளிர்பச்சைப் பொடியாக உதிர்க்கும். ஒரு புள்ளியில் தொடங்கி உள்ளே பரவும் அந்த நோயைக் குணப்படுத்தவே சென்னை அருங்காட்சியகத்தில் 1930-இல் வேதியியல் ஆய்வுக்கூடம் ஏற்பட்டது. புளியின் அமிலம் மேலே தங்கினால் அரிப்பு இன்னும் வேகமெடுக்கும். அபிஷேகம் முடிந்ததும் நல்ல தண்ணீரால் கழுவி, மடிப்புகளிலும் பீடத்தின் இடுக்குகளிலும் ஈரம் தங்காமல் ஒற்றியெடுப்பது பூசையில் சேர்ந்த காரியம். அர்ச்சகர்களுக்குக் கைவந்த இந்த வேலையை அவசரத்தில் குறைப்பது திருமேனிக்குச் செய்யும் கேடு.

படம் எடுத்து வைப்பதும் காப்பில் சேரும். 1955-இல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் அடுத்த ஆண்டே அம்மையாரின் பாடல்களைக் காரவேலனின் பிரெஞ்சு மொழிபெயர்ப்போடு வெளியிட்டது. அதே நிறுவனம் தமிழகக் கோயில்களில் எடுத்துச் சேமித்த படங்கள்தான், ஸ்ரீபுரந்தானில் களவுபோய் ஆஸ்திரேலியா சென்ற நடராசரை அடையாளம் காட்ட உதவின. 2014-இல் அவர் திரும்பினார். படம் இல்லாத திருமேனி காணாமல் போனால் அது நம்முடையது என்று நிரூபிக்க வழியில்லை.

வீட்டிலோ சிறு கோயிலிலோ அம்மையாரை எழுந்தருளச் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தினம் நீராட்டி உடுத்திப் படைக்கப்போகிறீர்கள் என்றால் புனிதவதியைச் செய்யச் சொல்லுங்கள். பேயுருதான் மனத்தில் நிற்கிறது என்றால் நடராசரோடு வையுங்கள். அந்த விலா எலும்பைத் துணியால் மூடாதீர்கள். எதுவானாலும், வந்த அன்றே நான்கு பக்கமும் படம் எடுத்து, உயரமும் எடையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.