இரண்டு கோர்ட் போதும்: ஐரிஷ் றீலுக்குத் துணை வாசித்தவர்கள்

சில வருடங்களுக்கு முன்னர் உறவினர் திருமணமொன்றுக்காக லண்டன் சென்றிருந்தேன். அங்கேயே பிறந்து வளர்ந்த என் மருமகன் ஒரு மாலைப்பொழுதில் என்னைக் கில்பேர்ன் பகுதிக்கு அழைத்துச் சென்றான். ஐரிஷ் மக்கள் செறிந்து வாழ்ந்த இடம் அது. மதுச்சாலை ஒன்றின் மூலையில் ஏழெட்டுப் பேர் வட்டமாக அமர்ந்து வயலினும் புல்லாங்குழலும் அக்கோர்டியனும் வாசித்துக்கொண்டிருந்தார்கள். மேடையில்லை, ஒலிவாங்கியுமில்லை. மருமகன் தனது கிற்றாரோடு வட்டத்தின் ஓரத்தில் அமர்ந்தான். மூன்றாவது மெட்டு முடிந்ததும் முதிய வயலின் கலைஞர் ஒருவர் அவன் பக்கம் குனிந்து ஏதோ சொன்னார். முகம் வாடித் திரும்பி வந்தவன் என்னிடம் முறையிட்டான்:

"மாமா, எனக்கு நாற்பது கோர்ட் தெரியும். அவருக்கு இரண்டுதான் வேணுமாம்."

அந்த முதியவரின் பேச்சுக்குப் பின்னால் இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது என்பதை ஊர் திரும்பிய பின்னரே தேடிப் படித்து அறிந்துகொண்டேன்.

றீல் என்பது நடனத்துக்குரிய விரைவான மெட்டு. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஸ்கொட்லாந்திலிருந்து அயர்லாந்துக்கு வந்து, அந்த மண்ணுக்கே உரியதாகிவிட்டது. பெரும்பாலும் எட்டுத் தாளவட்டங்கள் கொண்ட இரு பகுதிகள். ஒவ்வொன்றும் இருமுறை வாசிக்கப்படும். நமது சங்கீதத்தைப் போலவே இதுவும் ஒற்றை மெட்டை நம்பிய இசை. பத்துப் பேர் சேர்ந்தாலும் பத்துப் பேரும் வாசிப்பது ஒரே மெட்டைத்தான். பல சுரங்களை ஒன்றாக ஒலிக்கவிடும் கோர்ட் எனப்படும் சுரக்கூட்டு இந்த இசைக்கு அடிப்படையானதன்று. ஐரிஷ் துருத்திக்குழலில் சுருதிக்குழல்களும், மணிக்கட்டால் அழுத்தி எளிய சுரக்கூட்டுகளை எழுப்பும் சாவிக்குழல்களும் உண்டு என்றாலும் அவை மெட்டுக்குப் பின்னால் நிற்பவையே.

மருமகன் அன்று தடுமாறியது 'கூலீஸ் றீல்' என்ற மெட்டில். கோல்வே மாவட்டத்து அக்கோர்டியன் கலைஞர் ஜோ கூலியின் (1924 - 1973) பெயரால் வழங்குவது. அதன் சுரத்தானங்கள் நமது கரகரப்பிரியாவின் சுரத்தானங்களே. கமகமும் ராக இலட்சணமும் வேறென்பதைச் சொல்லத் தேவையில்லை. முதலிரு தாளவட்டங்கள் சட்ஜம், காந்தாரம், பஞ்சமம் ஆகியவற்றைச் சுற்றி வருகின்றன. அடுத்த இரண்டும் நிஷாதம், ரிஷபம், மத்திமம் ஆகியவற்றைச் சுற்றி வருகின்றன. ஆக இரண்டே சுரக்கூட்டுகளில் ஆறு சுரங்கள் அடங்கிவிடுகின்றன. எஞ்சியிருக்கும் தைவதம் ஒரு கணம் வந்து கடந்து செல்லும்.

ஆனால் அந்தத் தைவதத்தில்தான் சிக்கல். மேலைத்தேய 'மைனர்' பழக்கத்தில் ஊறிய கை, அங்கே இயல்பாகவே சுத்த தைவதம் உள்ள கோர்ட்டைத் தேடிப்போகும். அப்போது கரகரப்பிரியா நடபைரவியாகத் திரிந்துவிடுகிறது. முடிவில் காகலி நிஷாதம் உள்ள கோர்ட்டையும் வைத்தாலோ, மெட்டில் உள்ள கைசிகி நிஷாதத்தோடு அது நேரடியாக மோதுகிறது. மருமகன் அன்று இரண்டையும் செய்திருந்தான்.

இந்தப் பிழையைச் செய்த முதல் ஆள் அவனல்லன். 1792 ஜூலையில் பெல்பாஸ்ட் நகரில் யாழ் வாசிப்போரின் விழா ஒன்று நடந்தது. மறைந்துகொண்டிருந்த மரபின் கடைசி வாரிசுகளாகப் பத்து ஐரிஷ் கலைஞர்கள் கூடினர். அவர்களுள் தொண்ணூறு வயதைக் கடந்த டெனிஸ் ஹெம்ப்சன் மட்டுமே பழைய முறைப்படி நீண்ட நகங்களால் பித்தளைத் தந்திகளை மீட்டினார். மெட்டுக்களை எழுதிக்கொள்ள நியமிக்கப்பட்டவர் எட்வர்ட் பன்டிங் என்ற 19 வயது இளைஞர். அவர் இல்லையேல் பல மெட்டுக்கள் அழிந்தே போயிருக்கும். ஆயினும் 1796 முதல் 1840 வரை அவர் வெளியிட்ட மூன்று தொகுதிகளில் அந்த மெட்டுக்கள் பியானோவுக்கு ஏற்ப மாற்றப்பட்டிருந்தன. பெல்பாஸ்ட் குவீன்ஸ் பல்கலைக்கழகத்திலுள்ள அவரது கையெழுத்துப் பிரதிகளை நூல்களோடு ஒப்பிட்ட அறிஞர்கள் இந்த வேறுபாட்டைச் சுட்டிக்காட்டினர். மாறாக, சிக்காகோ பொலிஸ் தலைவராயிருந்த பிரான்சிஸ் ஓ'நீல் 1903இல் 1850 மெட்டுக்களைத் தொகுத்து வெளியிட்டபோது துணைச்சுரம் எதையும் சேர்க்கவில்லை.

பின்னர் இசைத்தட்டு வந்தது. ஸ்லைகோ மாவட்டத்து வயலின் மேதை மைக்கல் கோல்மன் 1914இல் அமெரிக்கா சென்று, 1920களிலும் 30களிலும் நியூயோர்க்கில் பதிவுகள் செய்தார். அவ்விசைத்தட்டுகள் கடல் கடந்து தாயகம் திரும்பி, கிராமங்களின் வாசிப்பு முறையையே மாற்றின. ஆனால் பல தட்டுகளில் அவருக்குப் பியானோ வாசித்தவர்கள் இந்த இசையையே அறியாதவர்கள். வயலின் ஒரு திசையிலும் பியானோ வேறொரு திசையிலும் செல்வதை இன்றும் கேட்கலாம்.

தீர்வு 1960களிலும் 70களிலும்தான் உருவானது. ஷோன் ஓ ரியாடா தமது குழுவில் பழைய உலோகத்தந்தி யாழின் ஒலிக்கு நெருக்கமானதெனக் கருதி ஹாப்சிகோர்ட்டைப் பயன்படுத்தினார். ஜொனி மொய்னிஹன் கிரேக்க வாத்தியமான பூசூக்கியைக் கொண்டுவந்தார். ஆங்கிலேயக் கிற்றார் கலைஞர் டேவி கிரஹாம் 1960களின் தொடக்கத்தில் மொரோக்கோவில் அரபு ஊத் வாத்தியத்தோடு இணைந்து வாசிப்பதற்காகத் தந்திகளைப் புதிதாகச் சுருதி கூட்டினார். நமது கணக்கில் சொல்வதானால் ச, ப, ச, ம, ப, ச. இதில் காந்தாரம் இல்லை என்பது கவனிக்கத்தக்கது. மெட்டு எந்தக் காந்தாரத்தைத் தந்தாலும் இத்தந்திகள் ஏற்றுக்கொள்ளும். தம்புராவின் தத்துவமும் அதுவேயன்றோ! 1975இல் முதல் இசைத்தட்டை வெளியிட்ட பொதி பான்ட் குழுவின் மிஹோல் ஓ டொனல் (1951 - 2006) இந்தச் சுருதியை ஐரிஷ் இசையில் நிலைநிறுத்தினார். 1997இல் வெளிவந்த 'த லோன்சம் டச்' தொகுப்பில் மார்ட்டின் ஹேய்ஸின் வயலினுக்கு டெனிஸ் கஹில் இரண்டு மூன்று சுரங்களை மட்டும் வைத்து வாசித்ததைக் கேட்டபோது, எதை விடுவது என்பதும் ஒரு வித்தை எனப் புரிந்தது. கஹில் 2022இல் மறைந்தார்.

இதைப் படிக்கையில் என் தொழிலில் நேர்ந்த ஒன்று நினைவுக்கு வந்தது. 1990களில் நான் உதவி ஆசிரியராக இருந்தபோது, மகனைத் தேடி அலைந்த ஒரு தாயின் வாக்குமூலத்தை இளம் நிருபர் ஒருவர் எழுதி வந்தார். அந்த அம்மாவின் பேச்சுத்தமிழ் அப்படியே இருந்தது. நான் அதைத் திருத்தி, இலக்கணத் தமிழாக்கி அச்சுக்கு அனுப்பினேன். மறுநாள் பத்திரிகையைப் பார்த்தபோது அந்த அம்மா அதில் இல்லை. நிருபர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அது இன்றும் உறுத்துகிறது. பன்டிங்கைக் குறை சொல்ல எனக்கு அருகதை குறைவு.

சென்ற வருடம் மருமகன் ஓர் ஒலிப்பதிவை அனுப்பியிருந்தான். அதே கூலீஸ் றீல், அதே முதியவரின் வயலின். இரண்டே சுரக்கூட்டுகள். தைவதம் வரும் இடத்தில் கிற்றார் மௌனமாகிறது. கீழே ஒரு வரி எழுதியிருந்தான்: "மாமா, இந்த முறை அவர் ஒன்றும் சொல்லேல்லை."